முன்சிறகு விமானமும் கைவினைஞனின் பொறுப்பும்

(கல்முனையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தனி மனிதர்கள் தம் வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே கட்டிப் பறக்கும் சிறு ஆகாய விமானங்களைப் பற்றியும், அவற்றுள்ளும் சிறப்பாக, சிறிய சிறகு மூக்கின் அருகிலும் பெரிய சிறகும் எஞ்சினும் பின்புறத்திலும் அமைந்த முன்சிறகு விமானங்களைப் பற்றியும், அவற்றைத் திருத்தியமைப்பதிலும் பராமரிப்பதிலும் அடங்கிய பொறுப்பைப் பற்றியும் இன்று பேச எண்ணியிருக்கிறேன். கடலையும் வயலையும் கைத்தறியையும் நம்பி வாழும் ஊர்களில் இந்த விஷயத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் நம் ஊர்களை அழித்துச் சென்ற பின்னர், இக்கரையில் பைபர் தோணிகள் முன்னிலும் பெருகின என்பதையும், அவற்றின் உடைந்த அணியத்தையும் வெடித்த அடிப்பாகத்தையும் கண்ணாடியிழையும் ரெசினும் கொண்டு சீர்ப்படுத்தும் கைகள் நம் ஒவ்வொரு கடற்கரைத் தெருவிலும் உண்டு என்பதையும் நினைத்துப் பார்த்தால், நான் பேசப்போகும் விமானங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல என்பது விளங்கும். அவையும் கண்ணாடியிழையும் ரெசினும்தாம்.

முன்சிறகு என்ற அமைப்பை நம் மக்கள் வேறொரு விதத்தில் முன்பே கண்டிருக்கிறார்கள், கண்டு அஞ்சியுமிருக்கிறார்கள். 1996 முதல் இந்நாட்டு விமானப்படை உபயோகித்த கிபிர் போர்விமானத்தில், பிரதான சிறகுக்கு முன்னால், இரு பக்கத்திலும் இரண்டு சிறு சிறகுகள் அசையாமல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் இரைச்சலைக் கேட்டுக் குழந்தைகளை அணைத்துக்கொண்டு ஓடிய தாய்மார் இம்மாகாணத்தில் இன்னும் வாழ்கிறார்கள். அந்த நினைவுக்கு உரிய மரியாதையைச் செலுத்தி, மனிதன் ஆசையாலும் அறிவாலும் உந்தப்பட்டுக் கட்டிய சிறிய விமானங்களுக்கு வருகிறேன்.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்ற அறிஞர், உடம்பில் இறகுகளைப் போர்த்துச் சிறகு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்து சிறிது தூரம் பறந்தார் என்ற சரித்திரத்தை நம் பிள்ளைகள் பெருமையோடு கேட்டிருக்கிறார்கள். அவர் காலத்துக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கும் பிற்பட்டு வாழ்ந்த அல்-மக்கரி என்ற சரித்திராசிரியர் எழுதிவைத்த அந்த வரலாற்றின் பிற்பகுதியையோ நாம் அதிகமாக எடுத்துச் சொல்வதில்லை. இறங்கும்போது அவருக்கு முதுகில் பலத்த அடி பட்டது. பறவை தரையில் இறங்குவதற்கு வாலைத் துணைக்கொள்கிறது என்பதை அவர் கவனியாமல், தமக்கு ஒரு வாலை அமைத்துக்கொள்ளாததே அதற்குக் காரணம் என்று அந்த ஆசிரியர் குறித்திருக்கிறார். அவர் பறந்தார் என்ற செய்தியைக் காட்டிலும், ஏன் அடிபட்டார் என்று ஒருவர் எழுதிவைத்த அந்தக் காரணத்தையே நான் பெரிய செல்வமாக மதிக்கிறேன். காற்றில் எழுவதற்குச் சிறகு போதும். மூக்கு நிமிர்வதையும் தாழ்வதையும் அடக்கி ஆள்வதற்கு, பிரதான சிறகிலிருந்து விலகி நிற்கும் இன்னொரு பரப்பு அநேகமாக எல்லா விமானங்களுக்கும் வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் வைத்தால் வால். முன்னால் வைத்தால் முன்சிறகு.

1903 டிசெம்பர் 17 ஆம் திகதி ரைட் சகோதரர் முதன்முதலாகப் பன்னிரண்டு விநாடி பறந்த விமானத்தில் அந்தப் பரப்பு முன்னால்தான் இருந்தது. 1896 இல் ஜெர்மனியில் லிலியந்தால் என்பவர் தம் மிதவை விமானத்தின் மூக்கு நிமிர்ந்து, அது காற்றின் பிடியை இழந்து விழுந்து உயிர்நீத்தார். அவருடைய முடிவு ரைட் சகோதரரின் மனத்தை விட்டு அகலாததே அப்பரப்பை முன்னால் வைத்ததற்கு ஒரு காரணம். எனினும் அவர்களுடைய விமானத்துக்கு இயல்பான ஸ்திரத்தன்மை இல்லை. ஒவ்வொரு கணமும் கையால் அடக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்தவர்கள் பெரும்பாலும் வாலைப் பின்னுக்கே கொண்டுபோனார்கள். முன்சிறகை மீண்டும் சாதாரண மனிதனின் கைக்கெட்டும் விஷயமாக்கியவர் கலிபோர்னியாவில் மொஹாவி என்ற பாலைநிலத்து ஊரில் தொழில் நடத்திய பேர்ட் ரூட்டன். 1975 இல் அவருடைய வேரி-ஈஸி விமானம் பறந்தது. 1979 இல் அதனினும் பெரிய லோங்-ஈஸி பறந்தது. அவர் விமானங்களைச் செய்து விற்கவில்லை. வரைபடங்களையும் செய்முறை விளக்கத்தையும் விற்றார். அவற்றை வாங்கியவர்கள் உலகின் பல பாகங்களிலும் தத்தம் வீடுகளில் உட்கார்ந்து விமானங்களைக் கட்டினார்கள்.

இவ்வமைப்பின் சிறப்பு என்னவென்றால், முன்சிறகு சற்று அதிகமான சரிவில் வைக்கப்பட்டிருப்பதால், விமானி அளவுமீறி மூக்கை நிமிர்த்தி வேகத்தைக் குறைக்கும்போது, விமானிகள் ஸ்டால் என்று சொல்லும் தூக்குவிசை இழப்பு முதலில் முன்சிறகையே பிடிக்கிறது. அது இழந்தவுடன் மூக்குத் தானே தாழ்கிறது. தாழ்ந்தவுடன் வேகம் திரும்புகிறது. பின்னாலுள்ள பெரிய சிறகு அந்த ஆபத்தான கோணத்தை அடைவதே இல்லை. லிலியந்தாலைக் கொன்ற அபாயத்துக்கு வடிவத்துக்குள்ளேயே ஒரு பரிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தப் பரிகாரம், வரைந்தவர் விதித்த அளவுகளும் எடையும் சரியாக இருக்கும்வரையில்தான் பலிக்கும்.

இனி, கட்டும் முறையைச் சிறிது பார்ப்போம். நாம் ரெஜிபோம் என்று சொல்லும் பொருளின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் அதனினும் இறுக்கமான நுரைக்கட்டியை எடுத்து, சிறகின் குறுக்குவெட்டு வடிவில் செய்த இரண்டு அச்சுப் பலகைகளை இரு முனையிலும் பொருத்தி, மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியை அவ்வச்சின்மேல் மெல்ல இழுத்துச் சென்றால் சிறகின் உருவம் வெட்டுப்பட்டு நிற்கும். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை, எந்தத் திசையில் பலம் வேண்டுமோ அந்தத் திசைக்கு இழை ஓடும்படி படுக்கவைத்து, எபொக்ஸி ரெசினை ஊட்டி, மிகுதியை வழித்தெடுக்க வேண்டும். தோணிக்கு உள்ளதுபோன்ற அச்சுப்பெட்டி தேவையில்லை. ஒரே ஒரு விமானம் கட்டும் ஏழைக்கு இது பெரிய சகாயம்.

தோணி வேலை தெரிந்த நம் இளைஞர்களுக்கு இவ்விடத்தில் சில வித்தியாசங்களைச் சொல்லியாக வேண்டும். தோணிக்கு நாம் உபயோகிப்பது பொலியெஸ்டர் ரெசின். அதை நுரைக்கட்டியில் தடவினால், அடுத்த சில நிமிஷங்களில் அந்த இடம் கரைந்து, வெள்ளைக் கட்டியில் பிசுபிசுப்பான ஒரு குழி விழுவதைக் கண்ணாலேயே காணலாம். சந்தேகமுள்ளவர்கள் ஒரு சிறு துண்டில் பரீட்சித்துப் பார்க்கலாம். ஆகவே இந்நுரைக்கு எபொக்ஸிதான் உரியது. அடுத்து, பொலியெஸ்டரில் மழைக்குமுன் வேலையை முடிக்க வேண்டுமென்றால் ஹார்ட்னரைச் சற்றுக் கூட்டி ஊற்றுகிறோம். அது சீக்கிரம் இறுகிவிடுகிறது. எபொக்ஸியில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. அதில் ரெசினும் ஹார்ட்னரும் குறித்த விகிதத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பொருளாகின்றன. கூட்டி ஊற்றிய ஹார்ட்னர் சேர இடமின்றி உள்ளேயே தங்கி, அந்தப் பாகத்தை என்றென்றைக்கும் பலவீனப்படுத்திவிடும். மூன்றாவது, தோணிக்குப் போடும் நறுக்கிழைப் பாயில் இழையைப் போல் இருமடங்கும் அதற்கு மேலும் ரெசின் குடிக்கிறது. விமானத்திலோ இழை இரண்டு பங்கு, ரெசின் ஒரு பங்கு என்ற அளவை நோக்கி உழைக்கிறார்கள். பலம் இழையிலே இருக்கிறது. ரெசின் அதைப் பிடித்து நிறுத்தும் பசை மாத்திரமே. கடலில் சிறிது கூடுதல் எடை தோணியை நிதானப்படுத்தலாம். ஆகாயத்தில் அது கடன்.

நம் பிராந்தியத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம், ரூட்டனின் லோங்-ஈஸியை ஆதாரமாகக் கொண்டு, இலகு முன்சிறகு ஆராய்ச்சி விமானம் ஒன்றைக் கட்டி 1987 இல் பறக்கவிட்டது. அரசாங்கத்தின் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று, தனி மனிதர்களின் கொட்டகைக்காக வரையப்பட்ட விமானத்தை எடுத்துக்கொண்டு, தன் விஞ்ஞானிகளின் கையையே கண்ணாடியிழையில் பழக்கியது என்பதை நான் மிகவும் போற்றுகிறேன். அங்கே பழகிய கைகளின் அனுபவம் பின்னர் ஹன்ஸா என்ற இரு ஆசனப் பயிற்சி விமானத்துக்குப் பயன்பட்டது. ஹன்ஸா 1993 இல் பறந்தது. அதன் வால் பின்னால்தான் இருக்கிறது. ஆகவே அவர்கள் முன்சிறகை விட்டுவிட்டார்கள், கைப்பழக்கத்தை விடவில்லை.

நம் நாட்டிலும் ரே விஜேவர்த்தன என்ற பொறியியலாளர் இருந்தார். கேம்பிரிட்ஜில் படித்த அவர், நம் வயல்களில் லாண்ட்மாஸ்டர் என்று பெயர் பெற்ற இரு சில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கியவர். சம்மாந்துறை வயல்வெளியில் அதை நடத்திச் சென்றவர்களில் எத்தனை பேருக்கு, அதே மனிதர் தம் கையாலேயே சிறு விமானங்களைக் கட்டிப் பறந்தவர் என்பது தெரியும்? அவை முன்சிறகு விமானங்கள் என்று நான் சொல்லவரவில்லை. வயலுக்கு வேண்டியதைச் சிந்தித்த அதே மூளையும் அதே கைகளும் ஆகாயத்துக்கு வேண்டியதையும் சிந்திக்க முடிந்தது என்பதையே சொல்கிறேன். அவர் 2010 இல் காலமானார்.

இப்போது திருத்தியமைத்தல் என்ற பகுதிக்கு வருகிறேன். நல்ல திருத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மழையை நன்கு அறிந்த நமக்கு அது எளிதில் விளங்கும். லோங்-ஈஸியின் ஆரம்ப முன்சிறகு, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்ட ஒரு குறுக்குவெட்டு வடிவத்தைக் கொண்டிருந்தது. சுத்தமான காற்றில் அது மிகச் சிறந்தது. ஆனால் மழைத்துளிகள் அதன்மேல் படிந்தாலும், பூச்சிகள் அடிபட்டு ஒட்டிக்கொண்டாலும், மேற்பரப்பில் வழுவழுவென்று ஓட வேண்டிய காற்று கலங்கி, தூக்குவிசை குறைந்து, மழைக்குள் நுழைந்தவுடன் மூக்குக் கீழே இறங்கத் தொடங்கும். விமானி பிடியைப் பின்னால் இழுத்துக்கொண்டே பறக்க வேண்டும். எல்லா விமானங்களிலும் இது ஒரே அளவில் நிகழவில்லை. கட்டியவரின் கைத்திறத்துக்குத் தக்கபடி மேற்பரப்பு வேறுபட்டதால், மழையில் அவை நடந்துகொண்ட விதமும் வேறுபட்டது. இதைக் கண்ட ரூட்டன், ஜோன் ரொன்ஸ் என்பவரைக் கொண்டு, மழையிலும் குணம் மாறாத புதிய வடிவமொன்றை வகுக்கச் செய்தார். அதன் சிறகு நீளமும் பழையதிலிருந்து வேறுபட்டது. பழைய நீளத்துக்குப் புதிய வடிவத்தைப் பொருத்துகிறேன் என்று ஒருவர் தம் யோசனைப்படி செய்தால், முன்சிறகுக்கு அளவுக்கு மிஞ்சிய தூக்குவிசை வந்து, முதலில் இழக்க வேண்டியது பிந்தி, பின்னால் உள்ள பெரிய சிறகு முந்திக்கொள்ளக்கூடும். முன்பு சொன்ன பரிகாரம் அங்கே தலைகீழாகிவிடும். மழையைப் பற்றிய குறை தீர, வேறொரு குறை நுழையாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்தத் திருத்தத்தின் மேன்மை.

தலைகீழான அந்நிலை வெறும் கற்பனையன்று. வெலோசிட்டி என்ற, சற்றுப் பெரிய முன்சிறகு விமான இனத்தில், ஈர்ப்பு மையம் பின்னுக்குத் தள்ளிப்போன நிலையில் பெரிய சிறகே தூக்குவிசையை இழந்து, மூக்குத் தாழ மறுத்து, விமானம் தட்டையாகவே கீழே இறங்கிய சம்பவங்கள் நிகழ்ந்தன. பின்னர் பரிசோதனைகள் செய்து, சிறகின் முன்விளிம்பில் மாற்றம் புகுத்தி அக்குறையைத் தீர்த்தார்கள். இவ்வினத்தில் எஞ்சின் பின்னால் இருப்பதால், கனமான எஞ்சின், புதிய ஸ்டார்ட்டர், கூடுதல் வர்ணம் ஆகிய ஒவ்வொன்றும் ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுக்கின்றன. லோங்-ஈஸியை நிறுத்திவைக்கும்போது முன்சில்லை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி, ஸஜ்தாவில் இருப்பதுபோல் வைத்திருப்பதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். முன் ஆசனத்தில் விமானி இல்லாதபோது அது பின்பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதே அதன் காரணம்.

இனிச் சொல்லப்போவது துக்கமான செய்தி. அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற பாடகர் ஜோன் டென்வர், 1997 ஒக்டோபர் 12 ஆம் திகதி, கலிபோர்னியாவின் மொன்டரே குடாவில் தம் லோங்-ஈஸி விமானத்தோடு விழுந்து மாண்டார். அவ்விமானத்தை அவர் கட்டவில்லை. பிறர் கட்டியதை வாங்கியிருந்தார். லோங்-ஈஸியில் இடது, வலது என இரண்டு எரிபொருள் தாங்கிகள் உண்டு. ஒன்று வற்றும்போது மற்றதற்கு மாற்ற ஒரு வால்வைத் திருப்ப வேண்டும். ரூட்டனின் வரைபடத்தில் அந்த வால்வு விமானியின் கால்களுக்கு நடுவில், கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. கட்டியவரோ, எரிபொருள் குழாய் விமானி அமரும் இடத்துக்குள் வராமல் இருப்பது நல்லது என்று கருதி, வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கருத்து நல்ல கருத்துத்தான். தீயை அஞ்சுவது தவறா? ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது அதைத் திருப்ப வேண்டுமானால், வலது கையைப் பிடியிலிருந்து எடுத்து, உடம்பை இடதுபுறம் முழுவதும் திருப்பி, பின்னால் கையை நீட்ட வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் திசைதிருப்பும் மிதியை அழுத்திவிடக்கூடும். வால்வின் கைப்பிடி இறுக்கமாகவும் இருந்தது. விபத்துக்கு முன்னரே இந்தச் சிரமம் பேசப்பட்டது. எரிபொருளும் குறைவாகவே இருந்தது. விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, வால்வைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது மிதி அழுந்தியதைக் காரணமாகக் குறித்ததோடு, வால்வு இடம் மாற்றப்பட்டதையும் அதில் சேர்த்தது.

இந்தச் சம்பவத்தை நான் விஸ்தாரமாகச் சொல்லக் காரணம் உண்டு. வால்வை நகர்த்தியவர் சோம்பேறியல்லர், அறிவிலியுமல்லர். விமானம் முழுவதையும் கட்டி முடித்த சிரத்தையுள்ள மனிதர். வரைந்தவர் அந்த வால்வை ஏன் அவ்விடத்தில் வைத்தார் என்ற கேள்விக்கு முழு விடை காணுமுன், வேறொரு நல்ல காரணத்துக்காக அதை அவர் நகர்த்தினார். திருத்துபவன், முதலில் செய்தவனுடைய மனத்துக்குள் புகுந்து, அவன் எந்த அபாயத்தை அஞ்சி எதை எங்கே வைத்தான் என்பதை அறியாதவரையில், கையில் ரம்பத்தை எடுக்க உரிமையற்றவன் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நம் கரையிலும், பதினைந்து குதிரைவலு எஞ்சினுக்குச் செய்த தோணியின் பின்பலகையில் இருபத்தைந்து குதிரைவலு எஞ்சினைப் பூட்டிவிட்டு, பலகை வெடித்தபின், “காக்கா, ரெசின் சரியில்லை” என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ரெசின் சரியாகத்தான் இருந்தது.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லுகையில், நம் வெயிலிலிருந்தே தொடங்கலாம். சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபொக்ஸி, அதிக வெப்பத்தில் மீண்டும் இளகத் தொடங்கும். உள்ளே இருக்கும் நுரையும் அப்படியே. ஆகவே இவ்விமானங்களுக்கு வெள்ளை வர்ணமே பூச வேண்டும் என்று ரூட்டன் கண்டிப்பாக விதித்தார். பங்குனி, சித்திரை மாதங்களில் நம் கடற்கரையில் கறுப்பு வர்ணம் பூசிய ஓர் இரும்புத் தகட்டின்மேல் கை வைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வர்ணத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு: சூரியனின் ஊதாக் கடந்த கதிர்கள் எபொக்ஸியை நாளடைவில் அரித்துவிடாமல் மறைப்பது. ஆனால் வர்ணம் பூசுவதிலும் அபாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. முன்சிறகின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகைக்குச் சமநிலை எடை கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பழைய வர்ணத்தின்மேல் புதிய வர்ணம் அடுக்கடுக்காக ஏறினால் அதன் பின்பாகம் கனத்து, வேகம் கூடும்போது பலகை தானாகவே அதிர்ந்து நொறுங்கக்கூடும். எனவே ஒவ்வொரு முறை வர்ணம் பூசிய பின்னும் அதைக் கழற்றிச் சமநிலையை மீண்டும் பார்க்க வேண்டும்.

மேலே இறுகிய கண்ணாடியிழை ஓட்டுக்கும் நுரைக்கும் இடையே பிடிப்பு விட்டிருக்கிறதா என்பதை அறிய ஒரு நாணயம் போதும். சிறகின்மேல் அங்குலம் அங்குலமாக அதைத் தட்டிக்கொண்டு போனால், பிடிப்புள்ள இடம் கெட்டியான, கூர்மையான ஒலி தரும். விட்ட இடம் மந்தமாகப் ‘பொத்’ என்று ஒலிக்கும். நம் தோணிக்காரர்கள் விரல் முட்டியால் இதைத்தான் செய்கிறார்கள். விட்ட இடத்தைப் பட்டி வைத்து மெழுகி, வர்ணத்தால் மூடுவது பெரும் பாவம். சுற்றியுள்ள ஓட்டைச் சரிவாகத் தேய்த்து, முதலில் எத்தனை அடுக்கு இருந்ததோ அத்தனை அடுக்கை, முதலில் இழை ஓடிய திசையிலேயே, ஒன்றைவிட ஒன்று அகலமாகப் போட்டு இறுகவிட வேண்டும். அதையும் ஈரக்காற்று மிகுந்த கார்த்திகை, மார்கழி நாட்களில் திறந்த கொட்டகையில் செய்யலாகாது. எபொக்ஸியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படிந்து, அடுத்த அடுக்கு ஒட்டாமல் போகும். பெற்றோல் கசிவை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது. அது சிறகின் நுரைக்குள் புகுந்தால், வெளியே ஓடு அழகாக இருக்கும்போதே உள்ளே கரைந்துவிடும். மரத்தால் செய்த காற்றாடியின் போல்ட்டுகளையோ, மழைக்காலத்தில் மரம் ஊதுவதாலும் கோடையில் சுருங்குவதாலும், குறித்த இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று அளவுச் சாவியால் அடிக்கடி பார்க்க வேண்டும். காற்றாடி பின்னால் இருப்பதால், எஞ்சின் மூடியிலிருந்து கழலும் ஒரு சிறு ஆணியும் நேரே அதற்குள்ளேயே போய் விழும். பிரதான சில்லுகளைத் தாங்கும் காலும் கண்ணாடியிழையே. பிரேக் வட்டின் சூடு அதைத் தளர்த்திவிடாமல் இடையில் வெப்பத் தடுப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ரூட்டன் 1985 இல் வரைபட விற்பனையை நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டு அவர் வரைந்த வொயேஜர் என்ற முன்சிறகு விமானம், எங்கும் இறங்காமலும் வழியில் எரிபொருள் ஏற்றாமலும், ஒன்பது நாட்களில் உலகத்தைச் சுற்றி வந்தது. அந்த நாட்களில் கட்டப்பட்ட சிறு விமானங்கள் பல, இன்று இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரரிடம் இருக்கின்றன. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஒவ்வொன்றிலும் கட்டியவர் தம் மனம்போல் ஏதோ ஒன்றை மாற்றியிருப்பார். ஆகவே அத்தகைய விமானமொன்று என்றாவது உங்களில் ஒருவர் கைக்கு வருமானால், எஞ்சினை இயக்கிப் பார்க்குமுன், கட்டியவரின் குறிப்புப் புத்தகத்தைக் கேளுங்கள். அவர் வரைபடத்திலிருந்து எங்கெங்கே விலகினார் என்பதைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூன்று சில்லுகளின் கீழும் மூன்று தராசுகளை வைத்து, வெறுமையாக ஒரு முறையும், விமானி அமர்ந்த நிலையில் ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். முன் சொந்தக்காரர் எழுதிவைத்த எடையை நம்பி விடாதீர்கள். ஈர்ப்பு மையம் விதித்த எல்லைக்குப் பின்னால் விழுந்தால், மூக்கில் ஈயம் வைத்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஆசனத்தில் அமர்ந்து, பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, எரிபொருள் வால்வைத் தேடிப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். தோளைத் திருப்பாமல் கை அங்கே போய்ச் சேரவில்லையென்றால், அதைச் சேரச்செய்யும் வேலை முடிந்த பிறகே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் பறப்பதற்கான அனுமதியைக் கேட்கப் போகலாம்.